கொக்கு வெள்ளையா வரணுமா பாஸ்?

ஆவடியில் இறங்கி "டாங்க் எங்கே இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு விதமான பதில் வரும். ஒண்ணு, 1961-ல ஆரம்பிச்ச கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை ராணுவ டாங்குகள் உருவான இடம். இன்னொண்ணு, வெள்ளைக்காரன் நம்ம ஏரிகளுக்கு வெச்ச பேர். அதுவும் டாங்க்தான்! முதல் டாங்க் பக்கம் கேமராவோட போனா வாசல்லயே மரியாதையா திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டாவது டாங்க் பக்கம் போனா..? கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழின்னு ஒரு கூட்டமே போஸ் கொடுக்கக் காத்திருக்கு.

மேற்கு சென்னைப் பக்கம் படிக்கிற நாம எல்லாரும் காலேஜ் பஸ் ஜன்னல் வழியா தினமும் ஏதாவது ஒரு ஏரியைக் கடக்கிறோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், பருத்திப்பட்டு, பூந்தமல்லி தாண்டினா செம்பரம்பாக்கம். ஒரு நாள் ஆசைப்பட்டு இறங்கிப் படம் எடுப்பீங்க. வீட்டுக்கு வந்து பெரிசாக்கிப் பார்த்தா கொக்கு இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை இருக்கும். நீர்க்காகம் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை. நடுவுல தண்ணி மட்டும் சாம்பல் கலர்ல ஜோரா வந்திருக்கும்.

கேமரா மட்டம்னு முடிவு பண்ணிடாதீங்க. தண்ணீரில் இருக்கிற பறவையைப் பிடிப்பது நிஜமாவே கஷ்டமான வேலை. மேலேயிருந்து ஒரு சூரியன், கீழே தண்ணிக்குள்ள இருந்து இன்னொரு சூரியன்! இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டின பறவையை எப்படிக் காப்பாத்துறதுன்னு பார்ப்போமா?

கேமராவுக்குத் தெரிஞ்சது ஒரே கலர்!

கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கொக்கும் தெரியாது, காக்காவும் தெரியாது. பார்க்கிற காட்சி எதுவா இருந்தாலும் சராசரியா நடுத்தர சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெக்காதவங்களுக்கு ஒரு வார்த்தையில் சொன்னா, செட் பாயின்ட் தப்பா இருக்கிற ஃபீட்பேக் லூப்.

இருட்டான தண்ணியில் சின்னதா ஒரு வெள்ளைக் கொக்கு நிக்குதா? மீட்டர் தண்ணியைப் பார்த்து "ஐயோ, ஒரே இருட்டு"ன்னு வெளிச்சத்தைக் கூட்டும். தண்ணி சாம்பல் ஆகும். கொக்கு எரிஞ்சு போகும். பளபளக்கிற தண்ணியில் கறுப்பு நீர்க்காகம் நீந்துதா? மீட்டர் "ஐயோ, கண்ணு கூசுது"ன்னு வெளிச்சத்தைக் குறைக்கும். நீர்க்காகம் தார் டின்னுக்குள் விழுந்த மாதிரி ஆகும்.

இதுக்குத்தான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு பிளஸ், மைனஸ் போட்ட பட்டன் கொடுத்திருக்காங்க. பழகிக்க ஒரு சுலபமான கணக்கு:

கறுத்த தண்ணியில் வெள்ளைப் பறவை: மைனஸ் 1-ல் ஆரம்பிங்க.

மின்னும் தண்ணியில் கறுத்த பறவை: பிளஸ் 1-ல் ஆரம்பிங்க.

ஃப்ரேம் முழுக்க வெள்ளைக் கொக்கு நிறைஞ்சிருக்கா? இப்போ கணக்கு தலைகீழ். மீட்டர் கொக்கையே சாம்பலாக்கப் பார்க்கும். கொஞ்சம் பிளஸ் பக்கம் போங்க.

மேகமூட்டமான நாளில், வெளுத்த வானம் அப்படியே தண்ணியில் தெரிஞ்சா, அதுக்கும் பிளஸ்தான்.

இது ஆரம்பப் புள்ளிதான், முடிவு இல்லை. ஒரு படம் எடுங்க, ஹிஸ்டோகிராம் பாருங்க. வலது ஓரத்தில் மலை மாதிரி போய் முட்டிக்கிட்டு நின்னா வெள்ளை எரியுதுன்னு அர்த்தம். நிறைய கேமராக்களில் எரிஞ்ச இடம் மட்டும் கண் சிமிட்டிக் காட்டும் வசதியும் இருக்கு. தண்ணியில் மின்னுற சூரியத் துண்டுகள் சிமிட்டினா விட்டுடுங்க, அது எப்படியும் எரியும். கொக்கோட முதுகு சிமிட்டினால் மட்டும் பதறுங்க!

செல்போன்தான் இருக்கா? கவலையே வேண்டாம். திரையில் பறவை மேல விரலை வெச்சு அழுத்திப் பிடிங்க, வெளிச்சம் லாக் ஆகும். பக்கத்தில் வரும் சூரியன் படத்தைக் கீழே இழுங்க. இதுவும் அதே மைனஸ்தான்.

நாமக்கோழி வெச்ச எக்ஸாம்

இந்த விஷயத்தில் யுனிவர்சிட்டி ராங்க் வாங்கணும்னா நாமக்கோழியைப் படம் எடுக்கணும். உடம்பு முழுக்கக் கறுப்பு. அலகும் நெற்றியும் மட்டும் நாமம் போட்ட மாதிரி பளீர் வெள்ளை. உடம்புக்கு வெளிச்சம் வெச்சா நாமம் அழியும். நாமத்துக்கு வெச்சா உடம்பு இருட்டும்.

பதில் நாமம் பக்கம்தான்! வெள்ளையைக் காப்பாத்துங்க. காரணம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்களுக்குத் தெரியும். ஆப்-ஆம்ப் சாச்சுரேட் ஆனா அதுக்கு மேல சிக்னல் என்னவா இருந்ததுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. கேமரா சென்சாரும் அப்படித்தான். எரிஞ்ச வெள்ளையில் எந்தத் தகவலும் மிச்சம் இருக்காது. இருட்டில் கொஞ்சம் இரைச்சலோட தகவல் ஒளிஞ்சிருக்கும். ரா ஃபார்மட்டில் எடுத்திருந்தா அப்புறம் மேலே இழுத்துக்கலாம்.

இன்னொரு தந்திரம், மேனுவல் மோடு. நல்ல வெயிலில் பறவை நாணல் ஓரத்தில் இருந்தாலும், நடு ஏரிக்கு நீந்திப் போனாலும், அது மேல விழுற வெயில் ஒண்ணுதான். மாறுவது பின்னணி மட்டும். ஆட்டோவில் விட்டா பின்னணி மாறும்போதெல்லாம் கேமரா கன்ஃப்யூஸ் ஆகும். ஒரு தடவை சரியா செட் பண்ணி மேனுவலில் பூட்டிட்டா, மேகம் மறைக்கும் வரைக்கும் நிம்மதி. பறக்கும் ஆலாவுக்கு ஷட்டர் 1/2000, நீந்தும் வாத்துக்கு 1/500 இருந்தா போதும்னு வெச்சுக்குங்க.

ஏரிக்கரை எந்தப் பக்கம்?

இப்போ ஒரு பொது அறிவுக் கேள்வி. நம்ம ஊர் ஏரிகளுக்குக் கரை பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கும்?

சென்னையைச் சுற்றி நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரியுது. ஓடி வரும் மழைத் தண்ணியைத் தடுக்கணும்னா சரிவு இறங்கும் பக்கம்தான் கரை போடணும். அதனால் நம்ம பக்கத்து ஏரிகளில் பெரிய கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கமா அமையும். அம்பத்தூர் ஏரி நிரம்பினா கொரட்டூர், கொரட்டூர் நிரம்பினா இரட்டை ஏரின்னு ஒண்ணுக்கொண்ணு தண்ணி கொடுக்கிற சங்கிலியும் இந்தச் சரிவால்தான்.

இதுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? காலையில் கிழக்குக் கரை மேல நின்னா சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி! எதிரே இருக்கும் பறவை மேல வெளிச்சம் நேரா விழும். நீலத்தாழைக்கோழியோட ஊதா, பச்சை எல்லாம் மினுமினுன்னு வரும். அதே கரையில் சாயங்காலம் நின்னா சூரியன் உங்க கண்ணுக்கு நேரே. எல்லாப் பறவையும் நிழலுருவம்தான். ஏரி வெட்டின முன்னோர்கள் நமக்குக் காலை ஷிஃப்ட் போட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க!

ஒவ்வொரு ஏரிக்கும் வளைவு வேற வேற. அதனால் போறதுக்கு முன்னாடி மேப்பைத் திறந்து கரை எந்தத் திசையைப் பார்க்குதுன்னு ஒரு தடவை சரி பாருங்க.

குளிர்காலத்தில் இன்னொரு சலுகை இருக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கு. டிசம்பர் கடைசியில் சூரியன் 23.5 டிகிரி தெற்கே போயிடும். கூட்டிக் கழிச்சா நண்பகலில்கூட அது சுமார் 53.5 டிகிரி உயரத்துக்கு மேல ஏறாது. அதுவும் தெற்குப் பக்கம் சாய்ஞ்சே நிக்கும். அதனால் ஏரியோட தெற்கு ஓரத்தில் நின்னு வடக்கே பார்த்தா நாள் முழுக்க ஓரளவுக்கு வெளிச்சம் உங்க பக்கம். வடக்கு ஓரத்தில் நின்னா நாள் முழுக்க போராட்டம். வலசைப் பறவைகள் வர்றதும் இந்த மாதங்களில்தான். நல்ல டைமிங்!

சூரியன் உதிக்கிறது ஆறரை மணிவாக்கில். ஏழிலிருந்து எட்டரை வரைக்கும்தான் தங்கமான நேரம். அதுக்கப்புறம் வெயில் வெள்ளையாகும், நிழல் கறுக்கும். கரையும் தரையும் சூடாகிக் கானல் வேற கிளம்பும். தூரத்துப் பறவை அலை அலையா நெளிஞ்சு வந்தா லென்ஸைத் திட்டாதீங்க, காற்றைத் திட்டுங்க.

தண்ணிக்குச் சொந்தக் கலர் கிடையாது

கரை மேல நின்னு எடுக்காம, பத்திரமான இடமா பார்த்துக் குனிஞ்சோ உட்கார்ந்தோ எடுத்துப் பாருங்க. படமே மாறும். கண்மட்டம் தாழத் தாழ தண்ணி கண்ணாடி ஆகிக்கிட்டே போகும். அப்போ தண்ணியோட நிறம் எதிர்க்கரையோட நிறம்தான். எதிரே மரம் இருந்தா பச்சைத் தண்ணி. நாணல் காஞ்சு நின்னா பொன்னிறத் தண்ணி. வெள்ளை அடிச்ச அபார்ட்மென்ட் இருந்தா வெளுத்துப்போன தண்ணி. ரெண்டு அடி இடது பக்கம் நகர்ந்தாலே அபார்ட்மென்ட் போய் மரம் வந்துடும். காசு செலவில்லாத ஃபில்டர்!

காசு செலவுள்ள போலரைசர் ஃபில்டர் பத்தியும் நிறையப் பேர் கேட்பாங்க. அது தண்ணியின் மினுமினுப்பை நல்லாக் குறைக்கும்தான். ஆனா தண்ணியை 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அதுக்கு முழு பலம். தூரத்தில் நிக்கும் பறவையை நீங்க பார்ப்பது அதைவிட ரொம்பத் தாழ்ந்த கோணத்தில். அங்கே பலன் கம்மி. கூடவே பாதிக்கு மேல வெளிச்சத்தையும் சாப்பிட்டுடும். காலடியில் மேயும் மடையானுக்கு மாட்டிக்கோங்க, நடு ஏரி கூழைக்கடாவுக்குக் கழட்டிடுங்க.

எதிர்வெயில் எதிரி இல்லை

வேற வழியே இல்லாம சூரியனைப் பார்த்து நிக்கணுமா? அதையும் ஒரு கை பார்க்கலாம். நெடுங்கால் உள்ளான் மாதிரி காலும் அலகும் ஒல்லியான பறவையை முழு நிழலுருவமாவே எடுங்க. மைனஸ் 2 வரைக்கும் தைரியமாப் போங்க. இறக்கையை விரிச்சு உலர்த்தும் நீர்க்காகத்துக்கு ஓரம் முழுக்க வெளிச்சக் கோடு விழும். முக்குளிப்பான் தலை தூக்கும்போது தெறிக்கும் சொட்டு எல்லாம் மின்னும். மின்னும் தண்ணியில் ஆட்டோஃபோகஸ் அலை பாயும். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வெச்சுப் பறவையின் கண்ணில் குறி வையுங்க.

வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் வெச்சுக்கிட்டு சாதிச்ச ஒரு சென்னைக்காரரையும் தெரிஞ்சுக்கணும். மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கின கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேரே வெச்சிருந்தார். அதைத் தூக்கிக்கிட்டு கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிவு செஞ்சார். 1970-ல் பத்மஸ்ரீ. 1950-லிருந்து 1996-ல் மறையும் வரைக்கும் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ பத்திரிகையில் இயற்கை பத்தித் தொடர்ந்து எழுதினார். திரும்பிப் பார்க்கத் திரை கிடையாது, ஹிஸ்டோகிராம் கிடையாது. நமக்கு எல்லாம் இருக்கு. சாக்குதான் இல்லை!

சரி, எங்கே போகலாம்?

முதல் தடவைன்னா பருத்திப்பட்டு ஏரி. ஆவடி - பூந்தமல்லி சாலையிலேயே இருக்கு. ஏறத்தாழ 87 ஏக்கர். சீரமைச்சு 2019-ல் பசுமைப் பூங்காவா திறந்தாங்க. நடைபாதை இருக்கு, நடுவில் பறவைகளுக்குத் திட்டுகள் இருக்கு. வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி இடம் மாறி நின்னு பழக இதைவிட வசதியான வகுப்பறை கிடையாது. கேட் எப்போ திறக்கும், கேமராவுக்கு அனுமதி எப்படின்னு மட்டும் முன்கூட்டி விசாரிச்சுக்கோங்க.

அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளுக்கு அரக்கோணம் லோக்கல் ட்ரெயின் பிடிச்சா போதும். செம்பரம்பாக்கம் வேற லெவல். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதவங்களுக்கு இந்த ஏரியின் பேரையும் மறக்க முடியாது. சென்னைக்குக் குடிதண்ணி கொடுக்கிற ஏரி அது. தடை போர்டு இருக்கிற இடத்தில் உள்ளே போகாதீங்க. எந்த ஏரியானாலும் மதகு மேல ஏறி நிக்கிறது, சேத்துல இறங்குறது வேண்டவே வேண்டாம். நீச்சல் தெரிஞ்சாலும் சேறுக்கு அது தெரியாது.

பறவை கிட்டே வரமாட்டேங்குதா? அம்பத்தூர் ஏரியோரம் வலை உலர்த்திக்கிட்டிருந்த ஒரு மீனவர்கிட்ட, "அண்ணே, உங்க பக்கத்துல மட்டும் கொக்கு பயப்படாம நிக்குதே?"ன்னு கேட்டேன். "நின்னா நீ மரம் தம்பி. நடந்தாதான் மனுஷன்"னு சொல்லிட்டு வலையைப் பார்த்தார். வெளிச்சம் சரியா விழுற இடத்தைப் பார்த்து முதல்லயே போய் உட்காருங்க. பறவை உங்களைத் தேடி வரும். கல்லெறிஞ்சு பறக்க விடுறது, கூட்டுக்கிட்டே போறது, ஃப்ளாஷ் அடிக்கிறது இதெல்லாம் நம்ம வேலை இல்லை.

வெறும் லைக்குக்கா இவ்வளவு பாடு?

இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கு.

ஏரியில் நிக்கிற வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒரே இனம் இல்லை. சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு அலகு குட்டையா மஞ்சளா இருக்கும். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாடி வரைக்கும் போகும். படம் எரிஞ்சு போச்சுன்னா இந்த அடையாளம் எல்லாம் போச்சு. மிஞ்சுவது "ஏதோ ஒரு கொக்கு". சரியான வெளிச்சத்தில் எடுத்த படம்னா, இந்த ஏரியில் இந்தத் தேதியில் இந்தப் பறவை இருந்ததுங்கிறதுக்கு அது சாட்சி.

இந்தச் சாட்சி யாருக்கு வேணும்? ஏரிக்கு வேணும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்கா போராடி, விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. ஆகாயத்தாமரை, நுரை, குப்பை, கட்டட இடிபாடுன்னு நம்ம பக்கத்து ஏரிகளுக்குப் பிரச்னை ஒண்ணா ரெண்டா? "பறவை நிறைய இருக்கே, ஏரி நல்லாத்தான் இருக்கு"ன்னும் ஏமாந்துடாதீங்க. நெடுங்கால் உள்ளான் சாக்கடைத் தண்ணியிலயும் சந்தோஷமா மேயும். எத்தனை பறவைங்கிறதோட எந்தெந்தப் பறவை, எந்த வருஷம் வந்தது, எந்த வருஷம் வராமப் போச்சுங்கிற கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நாம எல்லாரும் அழகா இருக்கணும்னு நுரையையும் பிளாஸ்டிக்கையும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிட்டுத்தான் படம் எடுக்கிறோம். பத்து படம் அப்படி எடுங்க, தப்பே இல்லை. பதினொண்ணாவது படத்தில் நுரையையும் சேர்த்து எடுங்க. கொக்கும் எரியக் கூடாது, நுரையும் எரியக் கூடாது. ரெண்டுமே வெள்ளை. அதே மைனஸ் 1 இங்கேயும் உதவும்.

படங்களை என்ன பண்றதுன்னு தெரியலையா? 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துறாங்க. குறைஞ்சது கால் மணி நேரம் ஒரே இடத்தில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏத்தினா போதும். யார் வேணும்னாலும் கலந்துக்கலாம். உங்க படமும் கூடவே போய்ச் சேரும். ஒரே ஒரு எச்சரிக்கை, போகி அன்னிக்குக் காலையில் புகையில் எதுவுமே தெரியாது. 2018 போகியில் மீனம்பாக்கத்தில் விமானங்களே தடுமாறிடுச்சு. அன்னிக்குக் கொஞ்சம் வெயில் ஏறட்டும்.

பையில் என்ன இருக்கணும்?

* இருக்கிற கேமரா எதுவோ அது. ஜூம் உள்ள பழைய கேமரா செகண்ட் ஹேண்டில் கிடைச்சாலும் போதும்.

* சட்டை மங்கலான பச்சை, காக்கி. மஞ்சள் கலர் ஜெர்சி அன்னிக்கு மட்டும் வேண்டாம்.

* தொப்பி, தண்ணி பாட்டில். காலி பாட்டில் உங்ககூடவே திரும்பி வரணும்.

* தேதி, நேரம், ஏரி, பறவை, எண்ணிக்கை எழுத ஒரு குட்டி நோட்டு. பாதி காலியா கிடக்கும் லேப் அப்சர்வேஷன் நோட்டே போதும்.

* ஒரு நண்பர். தனியாப் போகாதீங்க. நீங்க லென்ஸ் வழியா பார்க்கும்போது உங்க காலடியைப் பார்க்க ஒரு ஆள் வேணும்.

அடுத்த ஞாயிறு அலாரம் அஞ்சரைக்கு. ஏழு மணிக்குக் கிழக்குக் கரையில், சூரியனுக்கு முதுகைக் காட்டி, மைனஸ் 1!